நடுச்சுவரைத் தொடாத வளையம்

நெடுங்குளம் தர்மாஸ்பத்திரியில் மூக்காயிக்கு என்ன வேலை என்று கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது. சமஸ்தானத்துப் பதிவேட்டில் அவள் ஆயா. கூட்ட வேண்டும், மெழுக வேண்டும், கத்தி கத்தரிக்கோலைக் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். ஆனால் டாக்டர் ஒரு கட்டியைக் கீறும்போது நோயாளியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அங்கிட்டுப் பாருங்க, ஒங்க மாடு கயித்த அத்துக்கிட்டுப் போகுது என்று சொல்லி அவன் தலையைத் திருப்ப வைப்பதும் அவள்தான். அந்த மாட்டை நம்பி ஏமாந்தவர்கள் குளத்தூர் தாலுகாவில் பாதிப் பேர் இருப்பார்கள். மறுபடி கட்டி வந்தால் மறுபடியும் வந்து ஏமாந்தார்கள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பத்து மூன்றாம் வருஷம் அவளுக்கு முப்பத்திரண்டு வயது. கணவன் மலையாண்டி கரி பஸ்ஸில் கிளீனர். பெட்ரோல் கிடைக்காத அந்தக் காலத்தில் பஸ்ஸின் முதுகில் ஓர் அடுப்பைக் கட்டி வைத்து, கரியைப் போட்டு ஊதி ஊதித்தான் ஓட்டினார்கள். ஊதுவது மலையாண்டியின் உத்தியோகம். இருவருக்கும் ஒரே மகள், எட்டு வயது.

மூக்காயி என்ற பெயர் அவளுக்கு அழகு பார்த்து வைத்ததல்ல. அவளுக்கு முன்னால் நான்கு பிள்ளைகள் பிறந்தன; ஒன்றுகூட ஓராண்டைத் தாண்டவில்லை. ஐந்தாவதாக இவள் பிறந்ததும் அவளுடைய தாய் குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி, பக்கத்து வீட்டுக்காரியை எடுத்துப்போகச் சொல்லி, ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கினாள். பிறகு வலது மூக்கைக் குத்தி ஒரு பொன்வளையத்தை மாட்டினாள். தவிட்டுக்கு விலைபோன, மூக்கில் ஓட்டை விழுந்த பண்டத்தை எமன் சீந்த மாட்டான் என்று நம்பிக்கை. எமன் அப்படி நயம் பார்த்து வாங்குகிறவன்தானா என்று யாரும் விசாரித்ததில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் ஊருக்கு நாலு மூக்கனும் மூக்காயியும் உயிரோடு நடமாடினார்கள். அதைவிட வேறு சாட்சி யாருக்கும் தேவைப்படவில்லை.

பெரியவளானபோது அதே பொன்னோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஆசாரி வளையத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தார். அதைத் தாய்தான் தன் கையால் மறுபடி மாட்டிவிட்டாள். அடுத்த வருஷம் தாய் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு மூக்காயி அந்த வளையத்தைக் கழற்றியதில்லை. பிரசவ வலியில் கிடந்தபோது கழற்றச் சொன்ன மருத்துவச்சியை, அந்த வலியிலும், ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டினாள் என்று கேள்வி.

ஆஸ்பத்திரியில் அவள் பெயர் எடுத்தது மூக்கினால்தான். சித்திரை, வைகாசியில் புதுக்கோட்டைச் சீமையில் அடிக்கிற வெயிலுக்குச் சில்லுமூக்கு உடையாத வீடு கிடையாது. மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியதும் என்ன செய்வார்கள்? மல்லாக்கப் படுக்கவைப்பார்கள். தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். வெங்காயத்தை நசுக்கி முகரக் கொடுப்பார்கள். துணியைச் சுட்டுச் சாம்பலை மூக்குக்குள் ஊதுகிற புண்ணியவான்களும் உண்டு. இவ்வளவும் செய்துவிட்டுக் கடைசியில் மூக்கைப் பிடிப்பார்கள். பிடித்தவர்கள் சும்மா இருக்க வேண்டுமே. நின்றுவிட்டதா என்று நொடிக்கொரு தரம் விட்டு விட்டுப் பார்ப்பார்கள். பார்க்கப் பார்க்க அது வரும்.

மூக்காயி அதெல்லாம் செய்ய மாட்டாள். ஆளை நிமிர்த்தி உட்காரவைத்து, தலையை முன்னால் குனியச் சொல்லுவாள். எலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே, மூக்கின் மெத்தான பாகத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கவ்விப் பிடிப்பாள். வாயால் மூச்சு விடு, வாயில் வருவதை விழுங்காமல் துப்பு என்பாள். அப்புறம் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். பெரிய முள் மூன்று எண்களைத் தாண்டுகிறவரை, அதாவது கால் மணி நேரம், இடி விழுந்தாலும் கையை எடுக்க மாட்டாள். எடுக்கும்போது ரத்தம் நின்றிருக்கும். பத்தில் ஒன்பது பேருக்கு இதற்கு மேல் மருந்தே வேண்டியதில்லை.

அந்த வித்தையின் காரணமும் அவளுக்குத் தெரியும். ஒருமுறை பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் சில்லுமூக்கோடு வந்தார். வாத்தியாரல்லவா, ரத்தம் நின்றதும் கேள்வி கேட்க ஆரம்பித்தார். டாக்டர் ஒரு சாக்குக்கட்டியை எடுத்து மருந்தறைக் கதவில் மூக்கை அறுத்துப் பார்த்தது போலப் படம் போட்டுக் காட்டினார். இரண்டு துவாரங்களுக்கும் நடுவே ஒரு சுவர். கண்ணுக்குப் பக்கத்திலிருந்து ஒரு ரத்தக்குழாய் இறங்கி வருகிறது. பின்னாலிருந்து ஒன்று, பெரியது. அண்ணத்திலிருந்து ஒன்று மேலே ஏறுகிறது. மேலுதட்டு வழியாக ஒன்று. நாலும் கிளைவிட்டு, நடுச்சுவரின் முன்பக்கத்தில் ஒரு கட்டைவிரல் நகம் அகல இடத்தில் ஒன்றோடு ஒன்று கலக்கின்றன. மேலே மூடியிருக்கிற தோல் வெங்காயச் சருகு கனம். சூடு பட்டால் வெடிக்கும், நகம் பட்டால் கிழியும்.

வாத்தியாருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. விளக்குமாற்றோடு கதவுக்குப் பின்னால் நின்ற மூக்காயிக்கு முழுக்க விளங்கியது. அவள் கண்மாய்ப் பாசனத்தில் பிறந்தவள். நாலு வாய்க்கால் வந்து கூடுகிற வயல்மூலையில்தான் வரப்பு எப்போதும் உடையும். உடைந்தால் மண்வெட்டியோடு அங்கே ஓடுவார்களே தவிர, ஊருக்கு மேற்கே போய்த் தண்ணீர் ஊற்றமாட்டார்கள்.

பத்தில் மீதி ஒன்றையும் அவள் பார்த்திருந்தாள். வயதான மணியக்காரர் ஒருவர், ரத்தக்கொதிப்புக்காரர். மூக்கைப் பிடித்தால் முன்னால் நின்றது; தொண்டை வழியாக உள்ளே இறங்கிக்கொண்டே இருந்தது. பின்னாலிருந்து வருகிற அந்தப் பெரிய குழாய் உடைந்திருந்தது. டாக்டர் ரப்பர் குழாயை மூக்கில் விட்டு வாய்வழியாக எடுத்து, அதில் நூல் கட்டி, பஞ்சுருண்டையை உள்நாக்குக்குப் பின்னால் இழுத்து அடைத்து, மணியக்காரரை அடுத்த பஸ்ஸிலேயே புதுக்கோட்டைக்கு அனுப்பினார். அன்றிலிருந்து மூக்காயி மூக்கைப் பிடித்ததும் முதலில் வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையைப் பார்ப்பாள். தன் விரலால் ஆவது எது, ஆகாதது எது என்று அவளுக்குக் குழப்பமே கிடையாது.

இப்படிப்பட்டவளிடம்தான், சித்திரை பிறந்து பத்தாம் நாள் காலையில், கூண்டு வண்டி ஒன்று வந்து நின்றது.

வண்டிக்குள் இருபத்து நான்கு வயது வாலிபன் மல்லாந்து கிடந்தான். தலை அவன் தாயின் மடியில். தலையில் ஈரத்துண்டு. வேட்டி, சட்டை, தாயின் சேலை எல்லாம் ரத்தம். இறக்கும்போதே கறுப்பாகக் கட்டி கட்டியாக வாந்தியெடுத்தான். தாய் முத்துமாரியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். விடிந்ததிலிருந்து மூக்கு உடைந்து கொட்டுவதாகவும், இப்போது குடலும் வெந்து வாய்வழியாக வருவதாகவும் சொன்னாள். பிள்ளையின் பெயர் மூக்கன். குடுமியான்மலைக்குப் பக்கத்து ஊர். வைகாசி முதல் முகூர்த்தத்தில் அவனுக்குக் கல்யாணம். இன்னும் மூன்று வாரமும் சில நாட்களும்தான் இருந்தன.

டாக்டர் ஊரில் இல்லை. விராலிமலைப் பக்கம் காலரா ஊசி போடப் போயிருந்தார். ஆஸ்பத்திரிப் பொறுப்பு கம்பவுண்டர் சூசைராஜிடம் இருந்தது. சூசைராஜ் மிக்ஸ்சர் கலக்கினால் ஒரு சொட்டுக் கூடாது, ஒரு சொட்டுக் குறையாது. ஆனால் ரத்தம் பார்த்தால் மனிதருக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். புதுக்கோட்டைக்குக் கொண்டுபோங்கள் என்று ஜன்னல் வழியாகவே சொன்னார். காலை பஸ் போய்விட்டிருந்தது. வண்டியில் பன்னிரண்டு மைல் போவதற்குள் பையனின் உடம்பில் என்ன மிஞ்சும் என்று மூக்காயி ஒரு பார்வையில் கணித்துவிட்டாள். நாடி ஓடுகிற ஓட்டமும் உதட்டின் வெளுப்பும் நன்றாக இல்லை. கம்பவுண்டரய்யா, டாக்டர் வந்தா நான் பதில் சொல்லிக்கிறேன், நீங்க கடியாரத்த மட்டும் பாருங்க என்றாள்.

அவனை எழுப்பிப் பெஞ்சில் உட்காரவைத்துத் தலையைக் குனியவைத்தாள். குடல் வேகவில்லை, மல்லாக்கக் கிடந்து விழுங்கிய ரத்தம்தான் திரும்பி வருகிறது என்று தாயிடம் சொன்னாள். வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையைப் பார்த்தாள். பின்னால் ஒன்றும் இறங்கவில்லை. நல்லது, வாய்க்கால்மூலைதான். மூக்கைக் கவ்வினாள்.

மூக்கன் அலறினான். விரலுக்கு நடுவே புதுரத்தம் குபுக்கென்று வந்தது.

அப்போதுதான் அவள் வளையத்தைக் கவனித்தாள். வலது மூக்கில், ரத்தம் மூடி, தடியான பொன்வளையம். அவளுக்குப் பெயர் வந்த விதமாகவே இவனுக்கும் பெயர் வந்திருந்தது. சூசைராஜின் டார்ச்சை வாங்கி அடித்து உள்ளே பார்த்தாள். வளையத்தின் இரண்டு முனைகளையும் உள்பக்கத்தில் ஒன்றோடு ஒன்று முறுக்கியிருந்தார்கள். எப்போதோ முறுக்கு அவிழ்ந்து, ஒரு முனை கருவேல முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அது நீட்டிய இடம் நடுச்சுவர். சுவரின் முன்பக்கம். நகம் அகல அந்த இடமேதான்.

உயிரைக் காக்க மாட்டிய வளையம் விடியற்காலையிலிருந்து உயிரைக் குடித்துக்கொண்டிருந்தது. மேலே விரலை அழுத்தினால் இன்னும் ஆழமாகக் குத்தும். கழற்றாமல் பிடிக்க முடியாது. பிடிக்காமல் நிற்காது.

மூக்காயி அதைச் சொன்னாள். சொல்லி முடிக்கவில்லை, முத்துமாரியம்மாள் அவள் மணிக்கட்டை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

"தாயி, அதுல மட்டும் கைய வச்சிராத. ஆறு புள்ளயப் பெத்து ஆறையும் அந்த ஊரணிக்கரையில வச்சிட்டு வந்தவ நான். இவன் ஏழாவது. கல்யாணத்தன்னைக்குக் காலையில, குடுமியான்மலச் சாமி முன்னாடி, என் கையாலதான் கழட்டி உண்டியல்ல போடணும்னு வேண்டுதல். அதுக்கு முன்னாடி கழண்டா உசுரும் கூடவே கழண்டுரும்."

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் இருக்கலாம். டாக்டர் இருந்திருந்தால் ஓர் அதட்டுப் போட்டிருப்பார். மூக்காயியால் சிரிக்கவும் முடியவில்லை, அதட்டவும் முடியவில்லை. முத்துமாரியம்மாள் சொன்னதில் ஒரு பகுதியை அவளும் நம்பினாள். நம்பியதால்தான் தன் மூக்கில் இருந்ததைப் பதினாறு வருஷமாகத் தொடவில்லை. சாக்குக்கட்டிப் படம் புத்தியில் ஓரிடத்தில் இருந்தது; குப்பைமேடும் தவிடும் வேறோரிடத்தில் இருந்தன. இரண்டும் இதுவரை ஒன்றையொன்று சந்திக்கவில்லை. இப்போது பெஞ்சில் உட்கார்ந்து ரத்தம் துப்பிக்கொண்டிருந்தவன் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திவிட்டான்.

சூசைராஜ் தன் பங்குக்கு, அது அவங்க குடும்பத்து விஷயம், நமக்கேன் பொல்லாப்பு என்றார்.

மூக்காயி பிடிபட்ட கையோடே தேங்காயெண்ணெய்ப் புட்டியை எடுத்தாள். கொஞ்சம் விரலில் தொட்டுத் தன் மூக்கில் தடவினாள். வளையத்தின் இணைப்பைப் பல்லைக் கடித்துக்கொண்டு விரித்தாள். பதினாறு வருஷத்து வளையம், சதையோடு சதையாகிக் கிடந்தது. வலியில் கண்ணில் நீர் கோத்தது. இழுத்து எடுத்து, துடைத்து, முத்துமாரியம்மாளின் ஒரு கையைப் பிரித்து அதன் உள்ளங்கையில் வைத்து மூடினாள்; மறுகை இன்னும் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. மூக்காயிக்குப் பயமாகத்தான் இருந்தது. மகளின் முகம் வந்து போனது. குரலை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

"எம் பேரு மூக்காயி. எனக்கு முன்னாடி நாலு. என் உசுரு இப்ப ஒங்க கையில இருக்கு ஆத்தா. கெட்டியாப் பிடிச்சுக்கங்க. எனக்கு ஏதாச்சும் ஆனா ஒங்க மவனோடதத் தொட வேணாம். ஆகலன்னா என்னைய விடுங்க."

முத்துமாரியம்மாள் அவளையே பார்த்தாள். ஓட்டை தெரிகிற மூக்கை, அதன் ஓரத்தில் துளிர்த்த ஒரு பொட்டு ரத்தத்தை, நிமிர்ந்து நிற்கிற ஆளைப் பார்த்தாள். மூக்காயி விழவில்லை, மயங்கவில்லை. பெஞ்சில் பையன் மறுபடி துப்பினான். முத்துமாரியம்மாளின் பிடி மெல்லத் தளர்ந்தது.

அந்தத் தளர்ச்சிக்காகவே காத்திருந்தது போல மூக்காயியின் விரல்கள் வேலை செய்தன. வளையத்தைத் திருப்பி, கூரான முனை சுவரில் படாமல் வளைத்து, ஒரே வீச்சில் எடுத்து எனாமல் கிண்ணத்தில் போட்டாள். மூக்கைக் கவ்விப் பிடித்தாள்.

"கம்பவுண்டரய்யா, மணி என்ன?"

ஒன்பதே முக்கால் என்றார் சூசைராஜ்.

பத்தடிக்கும் வரை கை எடுக்கப்படாது என்று அவள் அறிவித்தாள். அந்தக் கால் மணி நேரம் முத்துமாரியம்மாளுக்கு ஒரு யுகம். நின்னுச்சா, கொஞ்சம் விட்டுப் பாரேன் என்று இருபது தடவையாவது கேட்டிருப்பாள். பார்க்கிறதுக்காக விட்டால், கூடிய புண்வாயை நாமே பிளந்த மாதிரி ஆகும் என்றாள் மூக்காயி. கடிகாரத்தின் பெரிய முள்ளைக் காட்டி, அது உச்சிக்குப் போகட்டும், அதையே பாருங்கள் என்றாள். கடிகாரம் பார்க்கத் தெரியாத முத்துமாரியம்மாள், வளையத்தை மூடிய கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, அந்த முள்ளையே சாமியைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டு நின்றாள். மூக்காயியின் விரல் மரத்தது, தோள் கடுத்தது. அவள் அசையவில்லை.

பத்தடித்தது. விரலை எடுத்தாள். ஒரு சொட்டும் வரவில்லை. குனிந்தபடியே இருந்த மூக்கன், பசிக்குது என்றான். தாய் அதைக் கேட்டு உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அவன் மூக்கில் ரத்தம் நிற்காதவரை அழாதவள், நின்றபிறகு அழுதாள். சூசைராஜ் ஜன்னலைவிட்டு வெளியே வந்து, தான் நினைத்தபடியே ஆயிற்று என்பது போலத் தலையாட்டினார்.

அத்தோடு முடிந்திருந்தால் இது சாதாரண ஒரு காலைவேளைக் கதை. அழுது முடித்த முத்துமாரியம்மாள் எழுந்து, சொன்னபடி நான் விட்டேன், இப்போது வளையத்தைத் திரும்ப மாட்டு, வெறும் மூக்கோடு என் பிள்ளை வாசல்படி தாண்டக் கூடாது என்றாள். இரண்டு நாள் போகட்டும், டாக்டர் வரட்டும் என்று மூக்காயி சொன்னாள். கூர்முனையை ஆசாரியிடம் கொடுத்துத் தேய்த்துக்கொள்ளலாம் என்றாள். எதுவும் நடக்கவில்லை. ஆசாரி வீட்டுக்குப் போய் வரும்வரை உயிர் எங்கே நிற்கும் என்பது தாயின் கேள்வி.

அந்தக் கூரோடு மாட்டினால் வண்டி ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் மறுபடி உடையும். இந்தத் தடவை திரும்பி வர அவனிடம் ரத்தம் இருக்காது. மூக்காயி ஒரு மூச்சு யோசித்தாள். பிறகு, ரெண்டையும் கழுவணும் ஆத்தா, என்னோடதையும் குடுங்க என்று கை நீட்டினாள். ஒரே கிண்ணத்தில் கொதித்து ஆறிய நீரில் இரண்டையும் அலசினாள். மூக்காயியுடையது சின்ன வட்டம். உள்பக்கம் வழவழவென்று இருக்கும், நடுச்சுவரைத் தொடவே தொடாது. அதை எண்ணெய் தொட்டு, மெதுவாக, மூக்கனின் வலது மூக்கில் மாட்டி, இணைப்பைக் கீழே மறைவாகத் திருப்பி விட்டாள். முத்துமாரியம்மாளின் கண் இன்னும் கலங்கலாகத்தான் இருந்தது. வளையம் மூக்கில் மினுங்கியதைப் பார்த்துக் கும்பிட்டாள். மல்லாக்கப் படுக்காதே, மூக்கைச் சிந்தாதே, நோண்டாதே, எட்டாம் நாள் டாக்டரிடம் வந்து காட்டு என்று மூக்கனிடம் சொல்லி வண்டி ஏற்றினாள் மூக்காயி.

மூக்கனின் வளையம் அவள் முந்தானை முடிச்சுக்குள் இருந்தது. பொய்தான். இருபத்து நான்கு வருஷம் ஒரு தாய் கட்டிக்காத்த விஷயத்தில் செய்த பொய். இன்னொரு தரம் அந்த இடத்தில் நின்றாலும் அதையேதான் செய்திருப்பாள் என்பதால், அவள் வருத்தப்பட்டதாகச் சொல்வது அதைவிடப் பெரிய பொய்யாகும்.

டாக்டர் திரும்பி வந்ததும் கேட்காமல் செய்ததற்கு ஒரு திட்டு விட்டார். சூசைராஜ் நடந்ததை நடித்தே காட்டினார். டாக்டர் மூக்காயியின் வெறும் மூக்கைப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். எட்டாம் நாள் மூக்கன் மட்டும் தனியாக வந்தான். டாக்டர் அந்த இடத்தில், புண்ணைச் சுட்டு ஆற்றுகிற காஸ்டிக் குச்சியால் ஒரு தொடு தொட்டு, இனி பயமில்லை என்று அனுப்பினார்.

மூக்காயிக்குத்தான் அந்த நாட்கள் லேசாகப் போகவில்லை. வளையத்தை ஆசாரியிடம் கொடுத்திருக்கிறேன் என்று மலையாண்டியிடம் சொல்லி வைத்தாள். அது பாதி உண்மை, மூக்கனுடையதைக் கூர் தேய்த்து வாங்கி வைத்திருந்தாள். முதல் மூன்று நாள் எதைத் தொட்டாலும் சாவு ஞாபகம். கிணற்றடி வழுக்கினால் இதுதானோ என்று நின்றாள். மகளுக்கு ஒரு தும்மல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் பேதி நோயாளிகள் வரிசையாக வந்தார்கள். சாவை நினைக்க நேரமில்லாமல் போயிற்று. இரண்டு வாரம் கழித்து முகம் கழுவும்போது மூக்கைத் தடவி, அட, இதை மறந்தே போனேனே என்று அவளே ஆச்சரியப்பட்டாள்.

ஆனால் ஒன்று உறுத்தியது. கல்யாணத்தன்று உண்டியலில் விழப்போவது அவள் வளையம். வேண்டுதல் அவனுடையதற்கு. தவிட்டுக்கு வாங்கிய தாய் கடைசியாகத் தொட்டு மாட்டிய பொருள் அவளுக்கு அது ஒன்றுதான். உயிர்ப்பயம் போய்விட்டிருந்தது, இந்த ஏக்கம் போகவில்லை. யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். முத்துமாரியம்மாள் போட்டபிறகு யாரும் பார்க்காத நேரத்தில் மூக்கனுடையதையும் உண்டியலில் போட்டுவிடுவது. சாமிக்குச் சேரவேண்டியது சேர்ந்துவிடும். அவளுடையதும் கூடப் போகட்டும், ஓர் உயிருக்குக் கொடுத்ததாக இருக்கட்டும்.

வைகாசி முகூர்த்தத்தன்று மூக்காயி குடுமியான்மலைக்குப் போனாள். வெற்றிலைப் பாக்கோடு ஆள் வந்து அழைத்திருந்தார்கள். கோயிலில் மாப்பிள்ளைக் கோலத்தில் மூக்கன் கொழுகொழுவென்று நின்றான். மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். முத்துமாரியம்மாள் சாமியைக் கும்பிட்டு, மகனின் மூக்கிலிருந்து வளையத்தைத் தன் கையால் கழற்றினாள். உண்டியலை நோக்கித் திரும்பினாள். போடவில்லை. கூட்டத்தைத் துழாவி, பெண்களுக்குப் பின்னால் நின்ற மூக்காயியைக் கண்டுபிடித்து, இங்கிட்டு வா தாயி என்று கையசைத்தாள்.

பக்கத்தில் போனதும் காதோடு சொன்னாள்.

"எம் மவனோடது ஒங்கிட்டத்தான இருக்கு. குடு."

மூக்காயி முந்தானை முடிச்சை அவிழ்த்து எடுத்துக் கொடுத்தாள். முத்துமாரியம்மாள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உண்டியலில் போட்டாள். டங்கென்று ஒரு சத்தம். இருபத்து நான்கு வருஷத்துக் கடன் தீர்ந்த நிம்மதியில் அவள் முகமே விரிந்தது.

எப்போதிலிருந்து தெரியும் என்று மூக்காயி கேட்டாள்.

"அன்னைக்கே தெரியும். தெனமும் தடவிப் பாத்த கையில்ல? வண்டியில போறப்பவே தெரிஞ்சுபோச்சு. வண்டியத் திருப்புடான்னு சொல்ல வாயெடுத்தேன். இவன் அசந்து தூங்கிக்கிட்டிருந்தான், மூக்குல ஒரு சொட்டு இல்ல. இதுவும் ஒரு ஆத்தா தன் புள்ளைக்குப் போட்டதுதான, கொஞ்ச நாளைக்கு எம் புள்ளைக்கும் காவலா இருக்கட்டும்னு விட்டுட்டேன். நீ வெறும் மூக்கோட நிக்கிறியேன்னுதான் அடிச்சுக்கிச்சு. அன்னையிலேருந்து தெனமும் ஒம் பேரச் சொல்லித்தான் வெளக்குப் போட்டேன்."

தான் மூன்று நாள் பயந்து கிடந்ததும், பிறகு பயத்தையே மறந்து திரிந்ததும், அந்த நாட்கள் முழுவதும் எங்கோ ஒருத்தி தனக்காக விளக்கு ஏற்றியதும் மூக்காயிக்கு முன்னால் ஒன்றாக வந்து நின்றன. தாய் செத்ததற்குப் பிறகு அவள் உயிருக்காக யாரும் இப்படிக் கவலைப்பட்டதில்லை.

முத்துமாரியம்மாள் மகனிடமிருந்து கழற்றிய வளையத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு சுற்றுச் சுற்றித் தடவினாள். எங்காவது கூர் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை என்று தெரிந்ததும் மூக்காயியின் முகத்தை நிமிர்த்தி, வலது மூக்கில் மாட்டினாள். இத்தனை நாளில் துவாரம் சற்றுத் தூர்ந்திருந்தது. அழுத்த வேண்டியிருந்தது. வளையம் உள்ளே போனதும் ஓரத்தில் ஒரு பொட்டு ரத்தம் துளிர்த்தது.

அது ஒன்றுமில்லை ஆத்தா, தோல்தான் என்று மூக்காயி சொல்ல வந்தாள். அதற்குள் முத்துமாரியம்மாள் அவள் தலையைப் பிடித்து முன்னால் குனியவைத்துவிட்டாள். வளையத்தை ஒதுக்கி, மூக்கின் மெத்தான பாகத்தை இரண்டு விரலால் கவ்விப் பிடித்தாள்.

"வாயால மூச்சு விடு," என்றாள்.

முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று யாரோ சொன்னார்கள். மாப்பிள்ளை என்ன செய்வதென்று தெரியாமல் மாலையோடு நின்றான். மேளக்காரர்கள் முடித்த பாட்டையே மறுபடி எடுத்தார்கள். கொஞ்சம் விட்டுத்தான் பாருங்களேன் என்று ஒரு கிழவி சொன்னாள். முத்துமாரியம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடிகாரம் பார்க்கத் தெரியாத அவள், விரலைத் தளர்த்தாமல், வாய்க்குள் எதையோ எண்ணிக்கொண்டு நின்றாள். மூக்காயி, மூக்கு அடைபட்ட குரலில் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும், அவள் எண்ணி முடிக்கட்டும் என்று குனிந்தே இருந்தாள்.